விசேஷ வீட்டில் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை: யார், எப்போது, எப்படி எடுத்துச் சொல்வது?

வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அப்பாவுக்கு எல்லாம் கேட்கிறது. டி.வி. சத்தம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதே அப்பா நிச்சயதார்த்த வீட்டில், பதினைந்து பேர் நடுவில், கேட்டது ஒன்றாக இருக்க வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார். எல்லாரும் சிரித்த பிறகு ஒரு கணம் தாமதித்துச் சிரிக்கிறார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். "வயசாச்சு, கூட்டம் பிடிக்கல" என்று வீடு முடிவு கட்டுகிறது. "மறதி ஆரம்பிச்சிடுச்சோ" என்று சிலர் பயப்படுவதும் உண்டு.

அடுத்த கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று. அதற்குள் இதை அவரிடம் பேசியாக வேண்டும். விசேஷத்திலேயே சொல்வதா, குடும்பமாக உட்கார்ந்து சொல்வதா, ஒருவர் தனியாகச் சொல்வதா, டாக்டர் வாயால் சொல்ல வைப்பதா, பேச்சே இல்லாமல் காது மெஷினை வாங்கிக் கையில் கொடுத்துவிடுவதா? இந்த ஐந்து வழிகளையும் நம் குடும்பங்கள் கையாள்கின்றன. இவற்றில் இரண்டுதான் தேறும். மிச்சம் மூன்றும் காரியத்தைக் கெடுக்கும்.

அவர் சொல்வது பொய்யில்லை

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் முணுமுணுன்னு பேசறீங்க." எந்த வழியில் போனாலும் முதலில் வந்து விழும் பதில் இதுதான். இதை வீம்பு என்று எடுத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அவர் காதுக்கு அப்படித்தான் விழுகிறது.

வயதால் வரும் கேட்புக் குறைவு பெரும்பாலும் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். உள்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பில் உள்ள மயிர்ச்செல்களில், கீச்சென்ற உயர் ஒலிகளை வாங்குபவைதான் முதலில் பழுதாகின்றன. பழுதானவை மறுபடி முளைப்பதில்லை. ஒலி எவ்வளவு கீச்சு என்பதை ஹெர்ட்ஸில் அளப்பார்கள். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் அவை தப்பித்துவிடும். க், ச், ட், த், ப் என்னும் வல்லினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய கூர்மை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதுதான் போகிறது. அக்கா, அப்பா, அத்தா மூன்றையும் சொல்லிப் பாருங்கள். முதலும் முடிவும் ஒன்றே, நடு எழுத்து மட்டும் வேறு. அந்த நடு எழுத்து மங்கினால் கூப்பிட்டது யார் என்று தெரியாது, ஆனால் யாரோ கூப்பிட்டது தெளிவாகக் கேட்கும். 'கேக்குது, ஆனா புரியல' என்பதன் பொருள் இதுதான். அமைதியான வீட்டில் மூளை மிச்சத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இரைச்சலில் அந்த ஊகம் சறுக்குகிறது.

குரலை உயர்த்தினாலும் தீராது. கத்தும்போது உயிரெழுத்து பெரிதாகிறது, மெய்யெழுத்து அப்படியே கிடக்கிறது. போதாக்குறைக்கு, பழுதான உள்காதில் மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் உயர்த்தினால் சட்டென்று காதைக் குத்தும். "என்ன, என்ன?" என்று கேட்டவரே மறுநொடி "ஏன்டா கத்தறே, எனக்கென்ன காது செவிடா?" என்று சீறுவது நடிப்பில்லை.

பேசப் போகிறவருக்கு இவ்வளவு தெரிந்தால், "உங்களுக்குக் காது கேக்கல" என்ற வாக்கியத்தால் ஏன் பயனில்லை என்பது விளங்கும். அது அவர் அனுபவத்துக்கே முரணானது.

விசேஷத்திலேயே சொல்வது

பெரும்பாலான குடும்பங்களின் வழி இது. யாரும் யோசித்துச் செய்வதில்லை, தானாக நடந்துவிடுகிறது. பேச்சை அவர் தவறவிட்டதும் மச்சானோ மருமகனோ ஒரு கிண்டல் அடிக்கிறார், 'டமாரச் செவிடு' என்ற சொல் வந்து விழுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். அடுத்த விசேஷத்துக்கு உடம்பு சரியில்லை என்று வர மறுக்கிறார்.

கிண்டல் இல்லாமல் அக்கறையோடு சொன்னாலும் இடம் தப்பு. சொல்வது அவருக்கு முழுதாகக் கேட்காது, சொல்வதற்குக் குரலை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் நாலு பேருக்குத் தெரியும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். விசேஷ இடத்தில் செய்ய வேண்டியது கவனிப்பது மட்டும். யார் பேசியது புரியவில்லை, எந்தப் பக்கம் தலையைத் திருப்பினார், எப்போது எழுந்து போனார் என்று இரண்டு மூன்று தருணங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பயன் பின்னால் வரும்.

குடும்பமே உட்கார்ந்து சொல்வது

அண்ணன், தங்கை, மருமகள் என்று எல்லாரும் கூடியிருக்கும் தீபாவளி, பொங்கலில் இதை எடுப்பது வசதி என்று தோன்றும். பிள்ளைகளுக்குத்தான் வசதி. அவருக்கு அது பஞ்சாயத்து. ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள், அதாவது அவருக்கு மிகவும் கஷ்டமான கேட்புச் சூழலில் வைத்தே அவருடைய கேட்பைப் பற்றி விசாரணை நடக்கும். ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சம்பவத்தைச் சாட்சியாக வைப்பார்கள். 'இத்தனை நாளா என் பின்னாடி இதைத்தான் பேசிட்டிருந்தீங்களா' என்பதுதான் அவருக்கு மிஞ்சும்.

குடும்பம் கூடிப் பேச வேண்டியது உண்டு, அவர் இல்லாதபோது. யார் பேசுவது, செலவு யாருடையது, டாக்டரிடம் யார் கூட்டிப்போவது என்ற மூன்றையும் முடிவு செய்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் பேசிய மறுநாளே இன்னொருவர் போனில் "அண்ணன் சொன்னானேப்பா, யோசிச்சீங்களா?" என்று கேட்டால் ஒருவர் பேசியதும் பஞ்சாயத்தாகிவிடும்.

ஒருவர் தனியாகச் சொல்வது

இதுதான் முதல் தேர்வு. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

மனைவிக்கு விஷயம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் பத்து வருடமாக "எத்தனை தடவை சொல்றது" என்று சலித்தவரும் அவரே. அந்தச் சலிப்பு குரலில் ஒட்டிக்கொண்டிருக்கும், எனவே அவர் தொடங்காமல் இருப்பது நல்லது. பேரப்பிள்ளையைத் தூது அனுப்புவதும் சரியில்லை. குழந்தைகளின் குரல் உயர்ந்தது, பேச்சு வேகமானது, தாத்தாவுக்குப் புரியாத குரல்களில் முதல் இடம் அதற்குத்தான். பேத்தி சொல்வது கேட்கவில்லை என்பது பேச்சைத் தொடங்க மிக வலுவான காரணம், அந்தப் பேத்தியே வந்து சொல்வது அவருக்கு வலி. நடுவில் இருப்பவர்தான் சரி: அதிகம் சண்டை போடாத மகள் அல்லது மகன், சில வீடுகளில் மருமகன், சில வீடுகளில் தம்பி. ஏற்கெனவே மெஷின் போட்டிருக்கும் ஒரு நண்பர் அவருக்கு இருந்தால் அவர் எல்லாரையும் முந்திவிடுவார். நண்பர் "நானும் ரெண்டு வருஷம் இழுத்தடிச்சேன்" என்று சொன்னால் போதும்.

விசேஷம் முடிந்து ஓரிரு நாள் கழித்து, ஞாபகம் ஆறாமல் இருக்கும்போது, காலையில் பேசுங்கள். நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உழைத்த மூளை மாலையில் களைத்திருக்கும். டி.வி. அணைந்திருக்கட்டும், மிக்ஸி ஓடக் கூடாது, மின்விசிறி குறைவில் இருக்கட்டும். ஒரு மீட்டருக்குள், எதிரில், உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் உதடு அவருக்குத் தெரியாது. நடந்துகொண்டோ கார் ஓட்டிக்கொண்டோ பேச வேண்டாம், முகம் பார்க்க முடியாது.

ஒரே ஒரு தருணத்தை எடுங்கள், குற்றம் சொல்லாமல் கேள்வியாக.

"அப்பா, நேத்து சித்தப்பா வளைகாப்புத் தேதி சொன்னாரே, உங்க காதுல விழுந்துச்சா? நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்ல, அதான் கேட்டேன்."

அவர் "அங்க ஒரே சத்தம்" என்பார். உண்மைதான், ஒத்துக்கொள்ளுங்கள். "ஆமாப்பா, சத்தம்தான். இருந்தாலும் நீங்க பாதியில எழுந்து வெளியில போயிட்டீங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு." இங்கே நிறுத்திக் காத்திருங்கள். இந்த மௌனத்தில்தான் பலர் தாமாகவே "கூட்டத்துல என்ன பேசறாங்கன்னே புரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிடுகிறார்கள். அவசரப்பட்டு அடுத்த வாதத்தை எடுத்துவைத்தால் அந்த வாக்கியம் வராது.

அம்மாவிடம் நெருக்கம் வேறு மாதிரி. "அம்மா, நீ போன்ல பேசும்போது ஸ்பீக்கர்ல போடறியே, அப்படி இருந்தும் புரியலையா?" என்று நேராகவே கேட்டுவிடலாம். அம்மாக்கள் மறுப்பதைவிடச் செலவைச் சொல்லித் தள்ளிப்போடுவதுதான் அதிகம். "எனக்கெதுக்கு இந்த வயசுல" என்று வரும். அங்கே காதைப் பற்றி வாதாடிப் பயனில்லை, பணம் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் பேச்சு நகரும்.

பயமுறுத்திப் பேசுவது இப்போது பரவியிருக்கிறது: "காதைக் கவனிக்கலன்னா மறதி நோய் வரும்." இதில் உண்மை உண்டு, ஆனால் சொல்லும் அளவுக்கு இல்லை. டிமென்ஷியா என்னும் மறதி நோய் குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் கேட்புக் குறைவும் ஒன்று, அதுவும் பெரிய பங்குள்ள ஒன்று. அதே சமயம், 2023-ல் வெளிவந்த 'அச்சீவ்' ஆய்வில் காது மெஷின் கொடுத்து மூன்று வருடம் பார்த்தபோது, மொத்தமாகச் சேர்த்தால் மூளைத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த பிரிவில் மட்டும் சரிவு 48 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், மிரட்டலுக்கு உதவாது. தவிர, மறதி வந்துவிட்டதோ என்று உள்ளூரப் பயந்துகொண்டிருப்பவரிடம் இதை எடுத்தால் அவர் பரிசோதனைக்கே வர மாட்டார். மாற்றிச் சொன்னால் அதுவே ஆறுதலாகும்: "மறதி இல்லப்பா, காதுல விழாததுக்கு எப்படிப் பதில் சொல்ல முடியும்?"

டாக்டர் வாயால் சொல்ல வைப்பது

மூன்று மாதத்துக்கொரு முறை சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் மேல் பிள்ளைகள் மேல் இருப்பதைவிட மரியாதை அதிகம் என்றால், இது இரண்டாவது நல்ல வழி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கேட்புக் குறைவு கூடுதலாகக் காணப்படுகிறது, அதனால் "கண்ணு, காலு மாதிரி காதையும் ஒரு தடவை பார்த்துடுவோம்" என்று டாக்டர் சொல்வதில் ஒட்டவைத்த தன்மை இருக்காது.

சறுக்கும் இடம் ஒன்று. அறை அமைதியாக இருக்கும், டாக்டர் எதிரில் ஒரு மீட்டரில் உட்கார்ந்து தெளிவாகப் பேசுவார், அப்பா டக்டக்கென்று பதில் சொல்வார். "நல்லாத்தானே கேக்குது!" என்று டாக்டர் சொல்லிவிட்டால் அடுத்த இரண்டு வருடத்துக்கு அந்த வாக்கியம்தான் வீட்டில் ஆதாரம். இதைத் தடுக்க, முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். 'காது கேட்கவில்லை' என்று எழுதாதீர்கள். 'தனியாகப் பேசினால் புரிகிறது, நாலு பேர் பேசினால் புரியவில்லை, விசேஷத்தில் பாதியில் எழுந்து போனார்' என்று எழுதுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு டாக்டரே கடிதம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

பேச்சே இல்லாமல் வாங்கிக் கொடுப்பது

அமெரிக்காவில் இருக்கும் மகன் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவருவது. அங்கே 2022 அக்டோபரிலிருந்து 18 வயது தாண்டியவர்களுக்கு, லேசானது முதல் மிதமான கேட்புக் குறைவுக்கு, மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் கருவி வாங்கலாம். அன்பில் குறையில்லை, கணக்கில்தான் குறை. அவருடைய குறைவு எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அளவு) என்று யாரும் அளக்கவில்லை. அமைப்புகளை மாற்றப் பெரும்பாலும் கைபேசிச் செயலி வேண்டும், அது ஆங்கிலத்தில் இருக்கும். விசில் அடித்தால், சத்தம் குத்தினால் சரிசெய்ய உள்ளூரில் ஆளில்லை. மகன் விமானம் ஏறிய வாரத்தில் கருவி அலமாரிக்குள் போகிறது. அதைவிடப் பெரிய சேதம், "அதெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, சரிவரல" என்ற வாக்கியம் பிறந்துவிடுகிறது. பிறகு ஒழுங்காக அளந்து பொருத்தினாலும் அந்த வாக்கியத்தைத் தாண்டி வர வேண்டும்.

இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒலிபெருக்கிகள் இன்னும் மோசம். எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி தூக்குபவையே அவற்றில் பல. அவருக்குக் கேட்காதது மேல் ஒலி, இவை தட்டு உருளும் சத்தத்தையும் மின்விசிறியையும் சேர்த்துத் தூக்கிக் காதில் கொட்டும்.

வாங்கிக் கொடுக்கும் ஆசை இருந்தால், பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அளக்க மட்டும் கூட்டிப்போவது சிறந்த பரிசு.

எதைக் கேட்பது: மெஷினா, பரிசோதனையா?

முதல் பேச்சில் 'மெஷின்' என்ற சொல்லே வரக் கூடாது. கேட்க வேண்டியது சின்ன விஷயம்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடலாம்பா. அழுக்கு அடைச்சிருந்தா எடுத்துவிட்டுடுவாங்க."

அழுக்கை எடுத்துச் சொல்வது தந்திரம் மட்டுமில்லை. காதுக்குறும்பி அடைத்திருந்தால் அதுவே கேட்பைக் குறைக்கும், எடுத்தால் அன்றே தெளியும். அது இருக்கும்போது அளந்தால் அளவும் தப்பாக வரும். பட்ஸ் போட்டுக் குடைந்தால் இன்னும் உள்ளேதான் தள்ளும். எண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கம் உள்ள வீடாக இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது ஆபத்து.

இன்னொன்று, இதற்கு நாசூக்கும் நல்ல நேரமும் பார்க்கக் கூடாது. ஒரே நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ கேட்பு திடீரென்று விழுந்தால், குறிப்பாக ஒரு காதில், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரை தொடங்கும் நாள் தள்ளத் தள்ள மீளும் வாய்ப்பு குறையும். ஒரு காதில் மட்டும் குறைவு, சீழ், காதுவலி, தலைசுற்றல் இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

பரிசோதனை வலியில்லாதது. ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை 'பீப்' ஒலிகளைக் கொடுத்து, கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். வரும் தாள்தான் ஆடியோகிராம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு குறைவு. முதியவர்களின் தாளில் இடப்பக்கம் மேலே ஓடும் கோடு வலப்பக்கம் சரிந்து இறங்குவது வழக்கமான காட்சி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 20 டெசிபெல்லுக்குள் இயல்பு, 20 முதல் 35 வரை லேசானது, 35 முதல் 50 வரை மிதமானது. 'இரைச்சலில் பேச்சு' சோதனையும் செய்ய முடியுமா என்று கேளுங்கள், விசேஷத்தில் என்ன நடக்கிறது என்பதை அதுதான் காட்டும்.

இந்தத் தாள் வந்ததும் பேச்சின் தன்மையே மாறிவிடுகிறது. அதுவரை 'நீ சொல்றே, நான் மறுக்கிறேன்' என்று இருந்தது. இனி இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரு தாளைப் பார்க்கிறார்கள். அதனால் முடிவை ஆடியாலஜிஸ்ட் (கேட்பை அளந்து கருவி பொருத்தும் நிபுணர்) நேராக அவரிடமே விளக்கட்டும். பையன் குறுக்கே புகுந்து "நான் சொன்னேன்ல" என்று சொன்னால் எல்லாம் வீண்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்தப் பரிசோதனை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது தாண்டியவர்களுக்கு, மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் காது கருவியும் கொடுக்கப்படுகிறது. தனியார் கடைகளில் ஒரு காதுக்குச் சில ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேலும் போகும். இரண்டு காதிலும் குறைவு இருந்தால், ஒரு காதுக்கு விலை உயர்ந்ததைவிட இரண்டு காதுக்கும் நடுத்தரமானதே கூட்டத்தில் அதிகம் உதவும். எந்தத் திசையிலிருந்து பேச்சு வருகிறது என்று பிரிக்க இரண்டு காதும் வேண்டும்.

முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு மெஷின் வாங்கி, மண்டபத்தில் முதல் முறையாகப் போட்டுவிடுவது நடக்கக் கூடிய தவறுகளிலேயே பெரிது. வருடக்கணக்கில் கேட்காத சத்தங்கள் எல்லாம் திடீரென்று வரும்: செருப்பு, பாத்திரம், பேப்பர் மடிக்கும் சத்தம், சொந்தக் குரல். இவற்றை ஒதுக்கித்தள்ள மூளைக்கு வாரங்கள் தேவை.

பேச்சை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் மாதம் டாக்டர், குறும்பி, அளவு. இரண்டாம் மாதம் கருவி தேர்வு, வாங்குவதற்கு முன் சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் வீட்டில் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம். பிறகு இரண்டு பேர் பேசும் இடம், பிறகு கோயில், கடைவீதி, பிறகு ஒரு சின்ன விசேஷம். நடுவில் இரண்டு மூன்று முறையாவது ஆடியாலஜிஸ்டிடம் போய் அளவைத் திருத்த வேண்டும். அலமாரிக்குள் தூங்கும் மெஷின்களில் பல இந்தத் திருத்தம் இல்லாமல் போனவை.

மூன்று மாதம் இல்லையென்றால்? பரிசோதனையோடு நிறுத்திக்கொண்டு, மெஷினை விசேஷத்துக்குப் பிறகு பாருங்கள். அன்றைய நாளுக்கு இடத்தை மாற்றினால் போதும்.

மண்டபத்தில் எங்கே உட்கார வைப்பது

மரியாதைக்கு முதல் வரிசை. நம் மண்டபங்களில் முதல் வரிசைக்கு எதிரில்தான் ஸ்பீக்கர் பெட்டி, பக்கத்தில் மேளம். நாதசுரமும் தவிலும் கெட்டிமேளத்தில் அருகே 100 டெசிபெல்லைத் தாண்டும், அந்த அளவில் கால் மணி நேரமே காதுக்குக் கேடு. பெரியவருக்கு நாம் கொடுக்கும் கௌரவ இடம்தான் அவருக்குக் கேட்க ஆகாத இடம்.

மேளக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம், நாலாவது ஐந்தாவது வரிசை, சுவரோரம். மெஷின் இல்லாதவர் என்றால் முதுகு சுவர்ப்பக்கம் இருக்கட்டும், பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறையும். மெஷின் போட்டவருக்கு இதை அப்படியே திருப்ப வேண்டும்: திசை அறியும் மைக் உள்ள கருவிகள் முன்னால் பேசுபவரை எடுத்துப் பின்னால் வருவதைக் குறைக்கும், எனவே முதுகு கூட்டத்தின் பக்கம், முகம் பேசுபவர் பக்கம். ராட்சத மின்விசிறி எந்தப் பக்கமும் அருகில் வேண்டாம். பார்க்க வருகிற சொந்தங்களை ஒவ்வொருவராக அவர் எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். தூரம் பாதியானால் திறந்தவெளியில் குரல் 6 டெசிபெல் ஏறும். மண்டப எதிரொலியில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் நாலு மீட்டரிலிருந்து கத்துவதைவிட ஒரு மீட்டரில் சாதாரணமாகப் பேசுவது தெளிவு.

பந்தியில் எதிர் வரிசைக்காரர் பேச்சு யாருக்குமே கேட்பதில்லை. வரிசையின் ஓரத்தில், நன்றாகக் கேட்கும் காது பக்கத்து ஆளை நோக்கி இருக்கும்படி உட்கார வையுங்கள். கடைசிப் பந்தி அமைதி. பரிமாறுபவர் கேட்பது புரியாவிட்டாலும் பாதகமில்லை, இலைமேல் கையை நீட்டினால் போதும் என்று பொருள். சைகை மொழியை நம் பந்தி எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

பேசுபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதலில் தோளைத் தொட்டோ பெயர் சொல்லியோ அவர் பார்வையை வாங்கிவிட்டுப் பேச வேண்டும். எதைப் பற்றிப் பேச்சு என்று முதலில் சொல்ல வேண்டும்: "மாமா, வீடு கட்டற விஷயம்..." என்று தொடங்கினால் மீதியில் பாதியை அவரே பிடித்துக்கொள்வார். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். வெற்றிலையை மென்றபடி பேசினால் உதடு படிக்க முடியாது. 'பாட்டு', 'மாட்டு' இரண்டும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும், எனவே எண்ணும் தேதியும் விரலில் காட்டுவது நல்லது. "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்ற வாக்கியத்துக்கு மட்டும் தடை. அவரை வாசலுக்கு அனுப்புவது இரைச்சலைவிட இந்த வாக்கியம்தான்.

பேச்சைத் தமிழில் எழுதிக் காட்டும் கைபேசிச் செயலிகள் வீட்டில் இருவர் பேசும்போது உதவும். மண்டபத்தில், பேசுபவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்தால் ஏதோ வரும், பேச்சுத்தமிழையும் ஊர்ப் பெயர்களையும் கன்னாபின்னாவென்று எழுதும். அதைப் பார்த்து இருவரும் சிரிப்பதும் ஒரு பேச்சுத்தான்.

மெஷினோடு வருபவர் பையில் ஒரு மாற்று பேட்டரி அட்டை வேண்டும். ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப்பட வைத்த பிறகே பேட்டரியைப் போட வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் தீரும். கட்டிப்பிடிக்கும்போது விசில் வந்தால் பழுதில்லை, காதருகே ஏதாவது வந்தால் அப்படித்தான். எந்நேரமும் விசில் என்றால் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது குறும்பி. கெட்டிமேளத்தின்போது சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் வேட்டி மாற்றும் அவசரத்தில் தொலையும். இரவு வியர்வையைத் துடைத்து, சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வையுங்கள்.

மறுநாள் காலையில், முதல் பேச்சை நடத்திய அதே ஆள் மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளட்டும்: எங்கே நன்றாகக் கேட்டது, எங்கே புரியவில்லை, எது குத்தியது. 'பந்தியில் பக்கத்து ஆள் சரி, மேடை மைக் புரியவில்லை, தவில் தாங்கவில்லை' என்று ஆடியாலஜிஸ்டிடம் போனால் அவர் எதைத் திருத்துவது என்று உடனே பிடித்துவிடுவார். 'சரியில்ல' என்று மட்டும் சொன்னால் மொத்தச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்காது.